அனுப்பிய காயின் வந்து சேரவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பிட்காயினோ எத்தீரியமோ, கிரிப்டோ வாலட்டில் ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தி ஒரு மணி நேரம் ஆகிறது. திரையில் ‘பெண்டிங்’ என்ற ஒரே சொல். வாங்க வேண்டியவர் “இன்னும் வரலையே” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். இந்த நேரத்தில் கை சும்மா இருக்காது. பலரும் செய்வது, இன்னொரு முறை அனுப்புவது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வெறும் தாமதத்தால் காயினைத் தொலைத்தவரை நான் பார்த்ததில்லை. தாமதம் பொறுக்காமல் கைவைத்து இரட்டிப்பாகக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உதவுகிறேன் என்று வந்தவனிடம் மொத்தத்தையும் பறிகொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் படபடப்பு அடங்கிவிடும். காயின் ‘வழியில்’ எங்கும் நிற்பதில்லை. நீங்கள் அனுப்பியது கையெழுத்திட்ட காசோலை மாதிரி. அது பிளாக்செயின் என்ற பொதுப்பேரேட்டின் ஒரு பக்கமான பிளாக்கில் ஏறும்வரை காயின் உங்கள் முகவரியில்தான் இருக்கிறது; ஏறியதும் அவர் முகவரியில். நடுவில் வேறு இடமே கிடையாது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: காசோலை இப்போது யார் மேசையில் கிடக்கிறது?

அதைத் தெரிந்துகொள்ள டிரான்சாக்ஷன் ஐடி வேண்டும். 64 எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட சரம். எத்தீரியத்தில் முன்னால் ஒரு ‘0எக்ஸ்’ கூடுதலாக இருக்கும். வாலட்டிலோ, காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலோ அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கிடைக்கும். அதை நகலெடுத்து அந்தந்த செயினின் பதிவுகளைக் காட்டும் தளமான எக்ஸ்ப்ளோரரில் ஒட்டித் தேடுங்கள். பிட்காயினுக்கு மெம்பூல் டாட் ஸ்பேஸ், எத்தீரியத்துக்கு ஈதர்ஸ்கேன். அந்தத் தளத்தின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்வது நல்லது. தேடுபொறி விளம்பரத்தில் வருவதை நம்பிப் போகாதீர்கள்.

இனி, நீங்கள் பார்ப்பது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

‘ப்ராசஸிங்’ என்கிறது, ஐடியே தரவில்லை

எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போதுதான் இது வரும். ஐடி இல்லை என்றால் காசோலை இன்னும் எழுதப்படவே இல்லை. பிளாக்செயினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எக்ஸ்சேஞ்சின் உள்விவகாரம். கைமுறைச் சரிபார்ப்பில் மாட்டியிருக்கலாம். கையிருப்பு வாலட்டில் காயின் தீர்ந்து, நிரப்பக் காத்திருக்கலாம். பலருடைய கோரிக்கைகளை ஒரே பரிவர்த்தனையாகத் திரட்டி அனுப்புவதற்காக நிறுத்தி வைத்திருக்கலாம். கட்டணம் உச்சத்தில் இருக்கும்போது இந்தத் திரட்டல் நேரம் நீளும்.

நீங்கள் செய்யக்கூடியது குறைவு. மின்னஞ்சலில் ஒப்புதல் இணைப்பு வந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பல சமயம் கோளாறு அதுதான். ரத்து செய்யும் பொத்தான் இருந்தால், அது உயிரோடு இருப்பது இந்தக் கட்டத்தில் மட்டும்தான். மற்றபடி அவர்களுடைய ஆதரவுப் பிரிவுக்கு எழுதுவதுதான் வழி.

ஐடி இருக்கிறது, எக்ஸ்ப்ளோரர் ‘காணவில்லை’ என்கிறது

முதல் சந்தேகம் தவறான எக்ஸ்ப்ளோரர். யுஎஸ்டிடி என்ற டாலர் டோக்கனை அனுப்பியவர்கள் அடிக்கடி விழும் குழி இது. அது எத்தீரியத்திலும் உண்டு, டிரானிலும் உண்டு, சொலானாவிலும் உண்டு. டிரானில் அனுப்பிவிட்டு ஈதர்ஸ்கேனில் தேடினால் எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. எந்த நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை வாலட்டில் திரும்பப் பாருங்கள்.

நெட்வொர்க் சரிதான் என்றால், வாலட் கையெழுத்து போட்டுவிட்டு வெளியே அனுப்பாமல் விட்டிருக்கலாம். இணையம் அறுந்த நொடியில் இப்படி ஆகும். வாலட்டை மூடித் திறந்தாலே பெரும்பாலும் மறுபடி ஒலிபரப்பிவிடும். இல்லையென்றால், பல வாலட்டுகளில் கையெழுத்திட்ட பரிவர்த்தனையை ஹெக்ஸ் எழுத்துகளாக எடுக்க வழி இருக்கிறது. அதை எக்ஸ்ப்ளோரரின் ‘பிராட்காஸ்ட்’ பக்கத்தில் ஒட்டினால் போதும். அதற்குள் காயினைச் செலவழிக்கும் ரகசியமான உங்கள் தனிச்சாவி கிடையாது, கையெழுத்து மட்டும்தான். அதனால் ஒட்டுவதில் ஆபத்தில்லை.

மூன்றாவது காரணம் பிட்காயினில் வருவது. நெட்வொர்க்கை நடத்தும் கணினியான ஒவ்வொரு நோடும் காத்திருக்கும் பரிவர்த்தனைகளைத் தன் மெம்பூலில் வைத்திருக்கும். அதற்கு வழக்கமான இட வரம்பு 300 எம்பி. நிரம்பிவிட்டால் குறைந்த கட்டணக்காரர்கள் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். தள்ளப்பட்டவர்களின் கட்டண விகிதத்துக்குக் கீழே புதிதாக வருபவர்களுக்கும் கதவு திறக்காது. ஒரு நோடில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும், ஏனென்றால் ‘பொது மெம்பூல்’ என்று ஒன்று கிடையாது. அதனால் இரண்டாவது எக்ஸ்ப்ளோரர் ஒன்றிலும் தேடிப் பாருங்கள்.

தெரிகிறது, 0 கன்ஃபர்மேஷன், கட்டணமும் சரியாகத்தான் இருக்கிறது

அப்படியானால் கோளாறே இல்லை. ‘0 கன்ஃபர்மேஷன்’ என்றால் பரிவர்த்தனை இன்னும் எந்தப் பிளாக்கிலும் ஏறவில்லை என்று பொருள்; அடுத்த பிளாக் வரவில்லை, அவ்வளவுதான்.

பிட்காயினில் 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது சராசரி. பேருந்து நேர அட்டவணை மாதிரி அல்ல, மழை மாதிரி. கணக்குப்படி, அடுத்த பிளாக்குக்கு 30 நிமிடத்துக்கு மேல் ஆக 20-ல் ஒரு வாய்ப்பு. ஒரு நாளைக்குச் சுமார் 144 பிளாக் என்பதால் அப்படிப்பட்ட இடைவெளி தினமும் ஏழு தடவை வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிளாக்கே இல்லாத இடைவெளிகூட ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை சாதாரணமாக நடக்கிறது. “20 நிமிடம் பார்த்தாயிற்று, இனி வந்துதானே ஆக வேண்டும்” என்ற கணக்கு இங்கே செல்லாது. எப்போது பார்க்க ஆரம்பித்தாலும், சராசரியாக இன்னும் 10 நிமிடம்தான்.

எக்ஸ்ப்ளோரரில் கடைசி பிளாக் எப்போது வந்தது என்று பாருங்கள். 40 நிமிடத்துக்கு முன் என்றால் உலகமே உங்களோடு சேர்ந்து காத்திருக்கிறது. டீ போட்டுவிட்டு வாருங்கள்.

தெரிகிறது, 0 கன்ஃபர்மேஷன், கட்டணம் குறைவு

உண்மையான நெரிசல் என்பது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிளாக்கைக் கட்டும் மைனருக்கு உங்கள் அவசரம் தெரியாது, அனுப்பும் தொகையும் பொருட்டில்லை. ஒரு பிளாக்கில் சுமார் 10 லட்சம் விபைட் இடம். ஒரு விபைட்டுக்கு எத்தனை சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) தருகிறீர்கள் என்பதை வைத்து வரிசை நிற்கிறது. விபைட் என்பது பரிவர்த்தனையின் உடல் அளவு. கையெழுத்துப் பகுதிக்கு 2017-ல் வந்த செக்விட் சலுகை போக மிச்சம். ஆக, பார்க்க வேண்டியது மொத்தக் கட்டணத்தை அல்ல, விகிதத்தை.

இந்த வித்தியாசத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு வாலட்டில் சின்னச் சின்னதாக 20 வரவுகள் சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி ஒருவருக்கு அனுப்பினேன். கட்டணப் பெட்டியில் நானே 4,300 சடோஷி என்று போட்டேன். போன முறை அதே அளவு கட்டணத்தில் அடுத்த பிளாக்கிலேயே ஏறியது, இப்போதும் ஏறும் என்ற தைரியம். ஐந்து நாள் நகரவில்லை. போன முறை ஒரு உள்ளீடு (செலவழிக்கும் வரவு), இரண்டு வெளியீடு (அவருக்குப் போவதும் எனக்குத் திரும்பும் சில்லறையும்). பரிவர்த்தனை 141 விபைட்தான், விகிதம் 30-க்கு மேல். இந்த முறை 20 உள்ளீடு. ‘பிசி1க்யூ’ என்று தொடங்கும் முகவரியில் ஒவ்வொரு உள்ளீடும் 68 விபைட் தின்னும். மொத்தம் 1,432 விபைட். 4,300-ஐ அதால் வகுத்தால் விகிதம் 3. ஒற்றை ஆள் ஏறுகிற காசில் இருபது பேரை ஏற்றப் பார்த்தால் நடத்துனர் விடுவாரா?

எனவே எக்ஸ்ப்ளோரரில் முதலில் உங்கள் விகிதம், அடுத்து உங்களுக்கு மேலே வரிசையில் எத்தனை விபைட் நிற்கிறது என்று பாருங்கள். மேலே 50 லட்சம் விபைட் என்றால் ஐந்து பிளாக், புதிதாக யாரும் முந்தாவிட்டால் ஏறத்தாழ 50 நிமிடம். 10 கோடி என்றால் 100 பிளாக். அதற்குள் புது ஆட்கள் வந்து முந்திக்கொண்டே இருப்பார்கள். இப்போது மூன்று வழி.

முதல் வழி சும்மா இருப்பது. அவசரமில்லை என்றால் இதுவே சிறந்த வைத்தியம். வார இறுதியில் வரிசை பெரும்பாலும் குறையும். நெரிசலுக்கு ஏதாவது ஒரு திருவிழாதான் காரணம் என்றால் அது முடிந்ததும் தானாக வடிந்துவிடும். 2024 ஏப்ரல் 20 அன்று 840,000-ஆவது பிளாக்கில் மைனர் பரிசு 3.125 பிட்காயினாகப் பாதியானது. அதே பிளாக்கில் பிட்காயின் செயின்மேல் உருவாக்கும் ரூன்ஸ் டோக்கன்களும் தொடங்கின. முதல் ஆளாக இடம்பிடிக்க முண்டியடித்தவர்களால் அந்த ஒரே பிளாக்கில் கட்டணம் மட்டும் 37 பிட்காயினைத் தாண்டியது. அன்று சாதாரணமாகக் காசு அனுப்ப வந்தவர்களுக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய ஒரே வார்த்தை, ‘நாளைக்கு.’

இரண்டாவது வழி ஆர்பிஎஃப். கட்டணத்தைக் கூட்டி அதே காசோலையை மாற்றி எழுதுவது. வாலட்டில் ‘கட்டணத்தைக் கூட்டு’, ‘வேகப்படுத்து’, ‘பம்ப் ஃபீ’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். பழைய பரிவர்த்தனை பயன்படுத்திய அதே காயினையே புதியதும் பயன்படுத்துவதால் இரண்டில் ஒன்றுதான் ஏற முடியும். இரட்டைச் செலவுக்கு இடமே இல்லை. முன்பெல்லாம் அனுப்பும்போதே ‘மாற்றத்தக்கது’ என்று குறியிட்டிருந்தால்தான் இது நடக்கும். 2024-ல் வந்த, நோடுகள் பரவலாக ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோர் 28 முதல், குறி இல்லாவிட்டாலும் மாற்றை ஏற்பதே வழக்கமான அமைப்பாகிவிட்டது. அதனால் பொத்தான் இல்லையென்றால் அது நெட்வொர்க்கின் தடையல்ல, உங்கள் வாலட்டின் சோம்பல். வாலட்டை மீட்க உதவும் ரகசியச் சொற்களான சீட் வார்த்தைகள் உங்களிடம் இருந்தால், இந்த வசதி உள்ள வேறொரு நம்பகமான வாலட்டில் அதே கணக்கைத் திறந்து செய்யலாம்.

ஆர்பிஎஃப் செய்தபின் இரண்டு விஷயம் மாறும். ஐடி புதிதாகும், பழைய ஐடியை வாங்குபவரிடம் கொடுத்திருந்தால் புதியதைக் கொடுங்கள், இல்லையென்றால் “உங்கள் பரிவர்த்தனை மறைந்துவிட்டது” என்று அவர் அலறுவார். கூடுதல் கட்டணம் உங்கள் மீதிச் சில்லறையிலிருந்து கழியும். ‘இருப்பு முழுவதையும் அனுப்பு’ என்று போட்டிருந்தால் மீதியே இருக்காது. கூடுதல் கட்டணம் வாங்குபவரின் தொகையிலிருந்துதான் போகும். விலைப்பட்டியலுக்குச் சரியான தொகை கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வழி சிபிஎஃப்பி. பிள்ளை பெற்றோரின் கடனை அடைப்பது. நீங்கள் வாங்குபவராக இருந்து, வரவேண்டியது வழியில் நின்றால் உங்களுக்கு உள்ள முக்கிய ஆயுதம் இது. இன்னும் உறுதியாகாத அந்த வரவையே எடுத்து, நல்ல கட்டணம் போட்டு உங்களுக்கே ஒருமுறை அனுப்பிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கட்டணம் வேண்டுமென்றால் மைனர் பெற்றோரையும் சேர்த்தே ஏற்றியாக வேண்டும். கட்டணத்தை இருவருக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவதில்தான் ஆட்கள் தவறுகிறார்கள், எண்களோடு காட்டுகிறேன்.

பெற்றோர் 141 விபைட், விகிதம் 5, கட்டியது 705 சடோஷி. பிள்ளை ஒரு உள்ளீடு, ஒரு வெளியீடு, 110 விபைட். இருவரும் சேர்ந்து 251. இன்றைய நடப்பு விகிதம் 30 என்றால் மொத்தம் 7,530 வேண்டும். 705 ஏற்கெனவே கட்டியாயிற்று. மிச்சம் 6,825-ஐப் பிள்ளை கட்ட வேண்டும். பிள்ளையை மட்டும் தனியாகப் பார்த்தால் விகிதம் 62. “நடப்பு 30தானே” என்று பிள்ளைக்கும் 30 மட்டும் போட்டால் குடும்பத்தின் சராசரி 16-ல் நின்று, இருவரும் சேர்ந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இதே காரியத்தை அனுப்பியவர் ஆர்பிஎஃப்பில் முடித்தால் 141 × 30, அதாவது 4,230 சடோஷியோடு போயிற்று. அதனால் அனுப்பியவர் பேசக்கூடிய ஆளாக இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். ஒருவர் ஆர்பிஎஃப்பும் மற்றவர் சிபிஎஃப்பியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடாதீர்கள். பிள்ளை பிறந்தபின் பெற்றோரை மாற்ற வேண்டுமென்றால் பிள்ளை கட்டியதையும் சேர்த்து மிஞ்ச வேண்டும்; செலவு ஏறும்.

உங்களுக்கு வரவேண்டியது எக்ஸ்சேஞ்ச் கொடுத்த முகவரிக்கு என்றால் சிபிஎஃப்பி நடக்காது, அந்த முகவரியின் சாவி உங்களிடம் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பியது நின்றால் ஆர்பிஎஃப் அவர்கள் கையில். 2023 மே 7, 8 தேதிகளில் நடந்ததை உதாரணமாகச் சொல்லலாம். பிட்காயின் செயினிலேயே உருவாக்கப்பட்ட பிஆர்சி-20 டோக்கன்களின் படையெடுப்பால் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்காயின் பரிவர்த்தனைகள் காத்துக் கிடந்தன. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் பிட்காயின் எடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, நின்றுபோன பரிவர்த்தனைகளைக் கூடுதல் கட்டணத்தோடு மாற்றி அனுப்பியது. அதாவது அவர்களும் செய்தது இதே ஆர்பிஎஃப்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பரிவர்த்தனை மறைந்து, இருப்பு திரும்பி வந்துவிட்டது

பிட்காயின் கோர் நோடுகள் காத்திருக்கும் பரிவர்த்தனையை வழக்கமாக 336 மணி நேரம், அதாவது 14 நாள் வைத்திருந்துவிட்டு மறந்துவிடும். உங்கள் வாலட் ‘ரத்தானது’ என்று காட்டி இருப்பைப் பழையபடி ஆக்கும். நிம்மதிதான், ஆனால் இங்கேதான் அந்த இரட்டிப்புக் குழி ஒளிந்திருக்கிறது.

நோடு மறந்தாலும் காசோலை செல்லாமல் போகவில்லை. கையெழுத்துப் போட்ட பிரதி யாரிடம் இருந்தாலும், வாங்குபவரிடமே இருந்தாலும், அதை மறுபடி ஒலிபரப்பலாம். நீங்கள் வேறு காயினிலிருந்து புதிதாக அனுப்பிவிட்டால், நெரிசல் குறைந்த ஒரு ராத்திரியில் பழையதும் ஏறிவிடும். இரண்டும் போய்விடும்.

தப்பிக்க ஒரே நம்பகமான வழி, புதிய பரிவர்த்தனையில் பழையது பயன்படுத்திய உள்ளீடுகளில் ஒன்றையாவது கண்டிப்பாகச் சேர்ப்பது. ‘காயின் கன்ட்ரோல்’ உள்ள வாலட்டில் உள்ளீட்டைக் கையால் தேர்ந்தெடுக்கலாம். புதியது ஏறிய நொடியில் பழையது நிரந்தரமாகச் செல்லாததாகிவிடும்.

எத்தீரியத்தில் ஒன்று நின்றது, பின்னால் வந்தவை எல்லாம் நின்றன

எத்தீரியம் வேறு உலகம். 12 விநாடிக்கு ஒரு இடம். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் பிளாக் வந்துவிடும். அதனால் இங்கே ஒரு மணி நேரம் பெண்டிங் என்றால் அதிர்ஷ்டத்தைக் குறைசொல்ல முடியாது. ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது.

ஒவ்வொரு கணக்கும் தன் பரிவர்த்தனைகளுக்கு 0, 1, 2 என்று வரிசை எண் போடும். அதன் பெயர் நான்ஸ். 57 ஏறாமல் 58 ஏறாது. முன்னேர் நின்றால் பின்னேரும் நின்றாக வேண்டும். 57-க்குக் கட்டணம் போதாமல் நின்றுவிட்டால், 58-க்கும் 59-க்கும் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பயனில்லை. பதறியவர்கள் செய்வதோ, 60, 61 என்று மேலும் அடுக்குவது. பிறகு 57 ஏறியதும் எல்லாம் மளமளவென்று அடுத்தடுத்துப் போகும். வாங்குபவருக்கு ஐந்து மடங்கு சந்தோஷம்.

செய்ய வேண்டியது: ஈதர்ஸ்கேனில் உங்கள் முகவரியைப் போட்டு, கடைசியாக ஏறியதன் நான்ஸ் எது என்று பாருங்கள். 56 என்றால் சிகிச்சை 57-க்குத்தான். மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டில் அதற்கு ‘ஸ்பீட் அப்’, ‘கேன்சல்’ என இரண்டு பொத்தான்கள் உண்டு. ‘கேன்சல்’ என்பது பெயரளவில்தான் ரத்து. அதே 57 என்ற எண்ணில், உங்களுக்கே 0 ஈதர் அனுப்பும் இன்னொரு பரிவர்த்தனை, கட்டணம் மட்டும் கூடுதல். அது முந்தினால் பழையது செத்தது. முந்தாவிட்டால் பழையதே நிறைவேறும். பொத்தான் இல்லாவிட்டால் அமைப்புகளில் ‘நான்ஸைக் கையால் கொடு’ என்பதை இயக்கி இதையே நீங்களும் செய்யலாம்.

கட்டணத்தைக் கொசுறுபோலக் கூட்டினால் நோடுகள் ஏற்காது. கெத் என்ற பரவலான மென்பொருளின் வழக்கமான வரம்பு 10 சதவீதம். உச்சவரம்பு (நீங்கள் தரத் தயாரான அதிகபட்சம்), டிப் (பிளாக் கட்டுபவருக்கான கூடுதல்) இரண்டையும் அந்த அளவாவது உயர்த்த வேண்டும். ‘ரீப்ளேஸ்மென்ட் அண்டர்பிரைஸ்ட்’ என்ற பிழைச்செய்தி வருவது இதனால்தான்.

57 ஏன் நின்றது என்பதற்கும் ஒரு விளக்கம். 2021 ஆகஸ்டில் வந்த லண்டன் மேம்பாட்டிலிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் நெட்வொர்க்கே ஓர் அடிப்படைக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அது எரிக்கப்பட்டுவிடும், யாருக்கும் போகாது. பிளாக் நிரம்பி வழிந்தால் அடுத்த பிளாக்கில் அது 12.5 சதவீதம்வரை ஏறும். சின்ன எண்ணாகத் தெரிகிறதா? தொடர்ந்து ஆறு பிளாக் நிரம்பினால் இரண்டு மடங்கு. ஆறு பிளாக் என்றால் 72 விநாடி. நீங்கள் கட்டணத்தைப் பார்த்து, முகவரியை இரண்டுமுறை சரிபார்த்து, பொத்தானை அழுத்துவதற்குள் விலை மாறியிருக்கும். உங்கள் உச்சவரம்பு அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே போய்விட்டால், அது இறங்கும்வரை பரிவர்த்தனை நிற்கும். உச்சவரம்பைத் தாராளமாக வைப்பதில் நஷ்டமில்லை. அடிப்படைக் கட்டணமும் டிப்பும் போக மிச்சம் எடுக்கப்படுவதே இல்லை. டிப்பில்தான் கை கட்டுப்பாடு வேண்டும்.

‘ஃபெயில்ட்’ என்கிறது, கட்டணம் மட்டும் போய்விட்டது

இது தாமதமல்ல. பரிவர்த்தனை பிளாக்கில் ஏறி, ஸ்மார்ட் ஒப்பந்தம் எனப்படும் நிரலுக்குள் ஓடி, பாதியில் முறிந்தது. ஓடிய வேலைக்குக் கேஸ் (எத்தீரியத்தில் வேலையை அளக்கும் அலகு) கட்டணம் கட்டியாக வேண்டும், அந்தக் காசு திரும்பாது. அனுப்ப நினைத்த டோக்கன் உங்களிடமே இருக்கும். சாதாரண ஈதர் அனுப்ப 21,000 கேஸ் போதும், ஒப்பந்தங்களுக்குப் பல மடங்கு. ‘அவுட் ஆஃப் கேஸ்’ என்றால் பெரும்பாலும் கேஸ் வரம்பைக் கையால் குறைத்திருக்கிறீர்கள். வாலட் சொல்லும் எண்ணை விட்டுவிடுங்கள். ‘ரிவர்ட்டட்’ என்றால் பெரும்பாலும் நீங்கள் கேட்ட விலைக்குள் டோக்கன் மாற்று நடக்கவில்லை. கூட்டம் குறைந்தபின் முயலுங்கள். ஸ்லிப்பேஜை (விலை எவ்வளவு நழுவினாலும் ஏற்பேன் என்ற வரம்பை) வாரி விட்டுத் தீர்க்கப் பார்க்காதீர்கள், அதற்காகவே காத்திருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு.

எக்ஸ்ப்ளோரரில் உறுதியாகிவிட்டது, எக்ஸ்சேஞ்ச் கணக்கில் ஏறவில்லை

நெட்வொர்க் தன் வேலையை முடித்துவிட்டது. காசோலை இப்போது எக்ஸ்சேஞ்ச் மேசையில். எத்தனை கன்ஃபர்மேஷன் (ஏறிய பிளாக்கும் அதன்மேல் அடுக்கப்பட்டவையும்) வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. பிட்காயினில் ஆறு என்பது பழைய மரபு, சராசரியாக ஒரு மணி நேரம். இப்போது பலர் அதற்குக் குறைவாகவே கேட்கிறார்கள். எத்தீரியத்தில் இறுதியாக்கம் (இனி மாற்ற முடியாத நிலை) நடக்கச் சுமார் 13 நிமிடம். அதுவரை காத்திருக்கும் எக்ஸ்சேஞ்சுகளும் உண்டு.

எண்ணிக்கை தாண்டியும் வரவில்லை என்றால், மெமோ மறந்தீர்களா? எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் போன்றவற்றில் எக்ஸ்சேஞ்சின் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரி. யாருடையது என்று பிரிப்பது டெஸ்டினேஷன் டேக் அல்லது மெமோதான். அதை விட்டால் காயின் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், கதவு எண் இல்லாத கடிதம் மாதிரி அங்கே கிடக்கும். ஐடியோடு விண்ணப்பித்தால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள், நாள் பிடிக்கும். குறைந்தபட்ச டெபாசிட்டுக்குக் கீழே அனுப்பினீர்களா என்பதையும் பாருங்கள். நெட்வொர்க் மாறிப் போயிருந்தால் மட்டும் விஷயம் கடினம். எக்ஸ்சேஞ்ச் அந்த நெட்வொர்க்கையே ஆதரிக்கவில்லை என்றால், மீட்டுத் தருவதும் தராததும் அவர்கள் மனது.

மற்ற செயின்களில்

சொலானாவில் பெண்டிங் என்று மணிக்கணக்கில் நிற்காது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் அண்மைய பிளாக் ஒன்றின் அடையாளமான ஹாஷைத் தாங்கியிருக்கும். 150 பிளாக்குக்குள், அதாவது ஏறத்தாழ ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் ஏறாவிட்டால் காலாவதி. அதற்குப்பின் மறுபடி அனுப்புவதில் அபாயமில்லை. அதற்கு முன்னால் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பதில்தான் அபாயம். டிரானில் யுஎஸ்டிடி ‘அவுட் ஆஃப் எனர்ஜி’ என்று விழுந்தால் நெரிசலைத் திட்டாதீர்கள், கணக்கில் டிரானின் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ் கொஞ்சம் போடுங்கள்.

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்ற, எத்தீரியத்தின் மேல் ஓடும் இரண்டாம் அடுக்குச் செயின்களிலிருந்து அதிகாரபூர்வப் பாலம் வழியாக எத்தீரியத்துக்குத் திரும்பினால் சுமார் 7 நாள் ஆகும். அது நெரிசலல்ல, மோசடி இருந்தால் யாராவது ஆட்சேபிக்க விடும் அவகாசம். கட்டணம் கூட்டினாலும் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. காத்திருப்பு முடிந்ததும் ‘க்ளெய்ம்’ என்பதை நீங்களே வந்து அழுத்த வேண்டும். அது தெரியாமல் பத்தாவது நாளிலும் காத்திருப்பவர்கள் உண்டு.

யாரோ ஒருவர் ‘நான் வேகப்படுத்தித் தருகிறேன்’ என்று செய்தி அனுப்புகிறார்

உதவி கேட்டு எங்கே எழுதினாலும் பத்து நிமிடத்தில் வருவார். ஆதரவுப் பிரிவு என்பார், நிறுவனச் சின்னத்தைப் படமாக வைத்திருப்பார். ‘வாலட்டைச் சரிபார்க்க வேண்டும்’ என்று ஒரு இணைப்பு தருவார். அந்தப் பக்கம் 12 அல்லது 24 சீட் வார்த்தைகளைக் கேட்கும். நின்றுபோன பரிவர்த்தனைக்கும் சீட் வார்த்தைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவற்றை எழுதிக் கொடுத்தால், பெண்டிங்கில் இருப்பது மட்டுமல்ல, வாலட்டில் மிச்சம் இருப்பதும் போகும்.

உண்மையான வேகப்படுத்தும் சேவையும் இருக்கிறது. சில மைனிங் கூட்டமைப்புகளும் மெம்பூல் டாட் ஸ்பேஸும் காசு வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட பிட்காயின் பரிவர்த்தனைக்கு முன்னுரிமை தருகின்றன. வாலட்டில் ஆர்பிஎஃப்பும் முடியாது, சிபிஎஃப்பியும் முடியாது என்ற நிலையில் அது உதவும். அவர்கள் கேட்பது இரண்டுதான்: டிரான்சாக்ஷன் ஐடி, கட்டணம். பணம் கட்டும் முன் அவர்கள் கேட்கும் தொகையை வரிசையில் உங்களுக்கு மேலே நிற்கும் விபைட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து பிளாக்தான் பாக்கி என்றால் அந்தக் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.